கணினி அறியாத மூன்றாம் ஆறு

மேடையில் வீற்றிருக்கும் கூட்டுறவுச் சங்கத் தலைவி லெனோரா பீட் அவர்களே, பாதிரியார் அவர்களே, படகு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் ஸ்டென்விக் துறைமுகத்து மீனவர்களே, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டும் வந்து கடைசி வரிசையில் நிற்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

டாக்டர் மார்கிட் ஹாகன் போய்விட்டார். மீன்வள ஆய்வகத்தின் புள்ளியியல் அறிஞர், என் எதிர்மேசைக்காரர், போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். அவரைப் புகழத்தான் என்னை அழைத்தீர்கள். புகழத்தான் போகிறேன். ஆனால் சற்றுமுன் பின்கட்டில் காபி ஊற்றிக்கொண்டே லெனோரா என்னிடம் சொன்னார்: "மார்கிட்டைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசும்மா. மிங்க் ஆத்தை மட்டும் இழுக்காதே. நாளைக்கு வலை போடுறதைப் பத்தின விசாரணை இருக்கு."

மிங்க் ஆற்றை விட்டுவிட்டு மார்கிட்டைப் பற்றி என்ன பேசுவது? நன்றாகக் கேக் செய்வார் என்றா? அவர் செய்த கேக்கைத் தின்றவர்களுக்கு உண்மை தெரியும்.

கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் வழியில் வலையில் விழும் சால்மன் எந்த ஆற்றில் பிறந்தது? பார்த்தவுடன் சொல்ல உங்களில் யாரால் முடியும்? நான் செதிலை உருப்பெருக்கியின் அடியில் வைத்து அதன் வளையங்களை அளப்பவள். என்னாலும் முடியாது. வளையங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஹெக் ஆற்று மீனும் டார்லோ ஆற்று மீனும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அகலத்தை மட்டும் பார்த்தாலும் அப்படியே. மார்கிட் அத்தனை அளவுகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தார். பன்மாறிப் பகுப்பாய்வு என்று அதற்குப் பெயர். தனியாகக் கேட்டால் வாய் திறக்காத அளவுகள், கூட்டமாகக் கேட்டபோது ஆற்றின் பெயரைச் சொல்லின. விரிகுடாவில் நீங்கள் பிடிப்பது பெரும்பாலும் ஹெக் ஆற்று மீன், அந்த ஆற்றில் மீனுக்குப் பஞ்சமில்லை, தாராளமாக வலை போடலாம் என்று அறிக்கை கொடுத்தார். அன்று அவரைத் தோளில் தூக்காத குறைதான்!

பிறகு என்ன ஆயிற்று? என் அண்ணன் ஓர்வில் ஸ்கார், அதோ கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யாரையாவது சீண்டாவிட்டால் அவருக்குக் காபி இறங்காது. ஒருநாள் சில செதில்களோடு ஆய்வகத்துக்கு வந்து, எந்த ஆறு என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். அளந்து கொடுத்தேன். ஹெக் ஆறு, சந்தேகமே இல்லை என்றது கணினி. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"டாக்டரம்மா, இது மிங்க் ஆத்து மீன். நானே தூண்டில் போட்டுப் பிடிச்சேன். உங்க மெஷினுக்கு ரெண்டு ஆறுதான் தெரியும்போல."

எல்லோரும் சிரித்தோம். மார்கிட் சிரிக்கவில்லை. ஏனென்றால் அண்ணன் வேடிக்கையாகச் சொன்னது அப்படியே உண்மை. இரண்டு ஆறுகளை மட்டும் கற்றுக்கொடுத்த கணினி, எந்த மீனைக் கொடுத்தாலும் அந்த இரண்டில் ஒன்றில்தான் தள்ளும். மத்தி மீனைக் கொடுத்தாலும் தள்ளும்! அப்படியானால் ஹெக் மீன் என்று எண்ணியவற்றில் மிங்க் மீன் எவ்வளவு? மிங்க் ஆற்றில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம்தானே?

மார்கிட் மழையில், கரடி நடமாடும் மிங்க் ஆற்றங்கரையில், முட்டையிட்டு முடித்துச் செத்த மீன்களின் செதில்களைத் தம் கையாலேயே பொறுக்கி வந்தார். மூன்றாவது ஆற்றையும் சேர்த்துக் கணக்கைப் புதிதாகப் போட்டார். பருவத் தொடக்கத்தில் விரிகுடாவில் விழுவதில் மூன்றில் ஒரு பங்கு மிங்க் மீன். இன்னும் சில ஆண்டுகள் இப்படியே பிடித்தால் அந்த ஆற்றுக்கு ஒன்றுகூடத் திரும்பாது.

"முன்பு நான் சொன்னது தப்பு" என்று மார்கிட் இதே சர்ச் மன்றத்தில் எழுந்து நின்று சொன்னார். எத்தனை அறிஞர்களுக்கு அந்த நெஞ்சுரம் வரும்? நாம் என்ன செய்தோம்? அவர் நுழைந்தால் காபிக்கடையில் பேச்சு நின்றது. அவருடைய வண்டிச் சக்கரத்தில் யாரோ காற்றை இறக்கிவிட்டார்கள். பெயர் கேட்கவில்லை, அந்த ஆள் இங்கேதான் இருக்கிறார். புதிய அறிக்கையை ஒரு வருடம் தள்ளிப்போடக் கூடாதா என்று லெனோரா நயமாகக் கேட்டார். மார்கிட் சத்தம் போடவில்லை.

"ஒரு வருஷம் கழிச்சு எதை எண்ணுறது, லெனோரா?" என்றார்.

இப்போது அவர் இல்லை. எழுதியவரே இல்லாதபோது புதிய அறிக்கை எதற்கு, பழையது போதும் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. என் காதிலும் விழுந்தது. இன்று என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அண்ணன்தான். சர்ச் வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நாளைக்கு நீ அந்தப் புது அறிக்கையை வாசிச்சேன்னா, நான் படகை எங்க கொண்டுபோய்க் கட்டுறது? சொல்லு."

பயமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்?

ஆனால் செதில்களை அளந்தது என் கை. அதனால் புதிய அறிக்கையில் டாக்டர் மார்கிட் ஹாகன் அவர்களின் பெயருக்குக் கீழே இன்று காலை என் பெயரை எழுதிவிட்டேன். மிங்க் மீன்கள் ஆறு ஏறி முடிக்கும்வரை விரிகுடாவில் ஒரு வலையும் இறங்கக் கூடாது. இதைத்தான் நாளை வாசிப்பேன். ஒரு சொல்லைக்கூடக் குறைக்க மாட்டேன். அவருக்கு நான் செய்யக்கூடிய அஞ்சலி இது ஒன்றுதான்.

ஒவ்வோர் ஆண்டும் அந்த விரிகுடாவில் முதல் வலை இறக்குபவர் என் அண்ணன். அண்ணா, என்னை மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. நாளைக்கு வந்து முன்வரிசையில் உட்கார். உன் முகத்தைப் பார்த்தே வாசிக்கிறேன்.