எட்டு ஐம்பத்தைந்து

எங்கள் மருத்துவமனையில் சுவர்க் கடிகாரங்கள் எல்லாம் பத்து நிமிடம் முன்னால் ஓடுகின்றன. ஊழியர்கள் நேரத்துக்கு வரவேண்டும் என்பதற்காக முன்பு ஒரு மேலாளர் அப்படி வைத்துவிட்டுப் போனார். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் அந்தக் கடிகாரத்தின்படியே நடக்கிறோம். சிலர் கைக்கடிகாரத்தையும் அதற்கேற்பத் திருப்பி வைத்திருக்கிறார்கள். என் சர்வர் மட்டும் சரியான நேரத்தைக் காட்டும். கணினிகளுக்குள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் அது யாரையும் உள்ளே விடாது என்பதால், அந்த ஒரு விஷயத்தில் மேலாளருக்கு நான் இணங்கவில்லை.

நிசார் அகமது அவர்களே, கணினித் தணிக்கைக்காக வந்த நீங்கள் என்னிடம் எழுத்தில் கேட்டது ஒரே கேள்விதான். மருந்தகத்தில் பணிபுரிந்த அமுதவல்லி ஏப்ரலில் இறந்துவிட்டதாகப் பணியாளர் பதிவேடு சொல்கிறது, ஆனால் அவருடைய கணக்கு ஒவ்வொரு நாளும் காலை எட்டு ஐம்பத்தைந்துக்குப் பூட்டிக்கொள்கிறது, ஒன்பது மணிக்கு யாரோ அதைத் திறந்துவிடுகிறார்கள், காரணம் என்ன? விடைக்கு மூன்று வரி இடம் விட்டிருந்தீர்கள். மூன்று வரியில் சொன்னால் அது உண்மையாக இருக்கும், ஆனால் நியாயமாக இருக்காது. ஆகவே தனித்தாளில் எழுதுகிறேன்.

இங்கே நூற்று நாற்பது பேர் கணினியைத் திறக்கிறார்கள். அத்தனை பேருடைய பெயரும் கடவுச்சொல்லும் ஆக்டிவ் டைரக்டரி என்ற ஒரே பதிவேட்டில் இருக்கின்றன. அது என் பொறுப்பு. ஐந்து முறை தவறான சொல்லைக் கொடுத்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். நான் திறக்கும்வரை அது திறக்காது. இந்த வேலையின் இயல்பு ஒன்றுண்டு: எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் நான் இருப்பதே எவருக்கும் தெரியாது. சித்தேரி மலையிலிருந்து இறங்கிவந்து ஒற்றை அறையில் தங்கியிருக்கும் எனக்கு, வாரக்கணக்கில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத நாட்கள் இருந்திருக்கின்றன. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

சென்ற டிசம்பரில் ஒரு காலை அமுதவல்லி என் அறைக்கு வந்தார். ஐம்பத்தொரு வயது, மாரண்டஹள்ளியிலிருந்து தினமும் பேருந்தில் வருபவர், சர்க்கரை நோய்க்குக் காலையில் ஊசி போட்டுக்கொள்பவர். அதற்குமுன் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

“சார், என்னுது லாக் ஆயிப்போச்சுங்க. நான் ஒருக்காகூட தப்பா போடலீங்க.”

“எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க” என்றேன். சிரித்தார். திறந்துவிட்டேன். மறுநாளும் அதேபோல் பூட்டியிருந்தது.

அந்த இரண்டாம் நாளே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். என் வேலையில் எனக்குத் திறமை உண்டு. ஒரு கணக்கு பூட்டப்படும்போது, எந்தக் கணினியிலிருந்து தவறான சொல் வந்தது என்பதை சர்வர் குறித்துவைக்கும். அந்த இடத்தில் அமுதவல்லியின் கணினிப் பெயர் இல்லை. மருந்தகத்துக்குப் பின்னாலுள்ள இருப்பறையின் பழைய கணினியின் பெயர் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், தினமும் காலை எட்டு ஐம்பத்தைந்துக்கு மருந்து இருப்புப் பட்டியலை சர்வருக்கு அனுப்ப அதில் நான் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். மருந்தகத்திலிருந்து சீட்டில் எழுதிவந்த அவருடைய பெயரையும் அன்றைய கடவுச்சொல்லையும் அதில் சேமித்தவன் நான்தான். முதல் முயற்சி தோற்றால் மீண்டும் மீண்டும் முயலும்படி எழுதியவனும் நானே. பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொல்லை மாற்றவேண்டும் என்ற விதி வந்தது. சர்வர் சிறிது பொறுமையுள்ளது. ஒருவரின் கடைசி இரண்டு பழைய சொற்களைத் தவறென்று எண்ணிக்கையில் சேர்க்காது. மூன்றாம் முறை அவர் மாற்றியபோது அந்தப் பொறுமை தீர்ந்தது. ஆளில்லாத அறையில் ஒரு பழைய கணினி, அவர் பெயரால், அவர் என்றோ விட்டுவிட்ட சொல்லை ஐந்து முறை உச்சரித்துக் கதவை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியலை அப்போது யாரும் பார்ப்பதுகூட இல்லை. ஏற்பாட்டை நீக்க அரை நிமிடம் போதும்.

அன்று மாலை நீக்குவதாகத்தான் இருந்தேன். பிரசவ வார்டில் பிரிண்டர் பழுதாகி, அதிலேயே பொழுது போய்விட்டது. மறுநாள் காலை அமுதவல்லி ஒரு காகிதப் பொட்டலத்தில் வறுத்த நிலக்கடலையுடன் வந்தார்.

“எங்க கொல்லையில வெளைஞ்சதுங்க. தினமும் உங்களுக்கு ரோதனை குடுக்கறேன், சும்மா எப்படி வர்றது. சாப்பிடுங்க தம்பி.”

சார் என்பது தம்பி ஆகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அந்த ஏற்பாட்டை இன்னும் ஒரு நாள் விட்டுவைத்தால் யாருக்கும் இழப்பில்லை என்று எனக்குத் தோன்றியது. எதிலும் நான் கைவைக்கவில்லை என்பதையும் நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். நடந்துகொண்டிருந்ததை நடக்கவிட்டேன், அவ்வளவே.

அதன்பின் அவர் தினமும் வந்தார். ஐந்து நிமிடம் உட்காருவார். கணவர் குப்புராஜின் தக்காளி என்ன விலைக்குப் போனது, பாலக்கோட்டில் பேருந்து எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தது. வரவேற்பில் இருக்கும் அனம், என்னிடம் எப்போதும் பேசாத பெண், அப்போதுதான் கேலி பேசத் தொடங்கினாள்.

“சார், உங்க டெய்லி பேஷண்ட் வந்துட்டாங்க. டோக்கன் போட்டு அனுப்பவா?”

“போடும்மா, எனக்கும் சேத்து ஒரு டீ போடு” என்பார் அமுதவல்லி.

ஜனவரி நடுவில் அந்தச் சிரிப்பு நின்றது. ஒருநாள் அவர் உட்காரவில்லை.

“தம்பி, நெசமாச் சொல்லுங்க. நான் தொடவே இல்ல. தொடாம எப்படிங்க பூட்டிக்கும்?”

அப்போது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆறு வாரம் கழித்து எப்படிச் சொல்வது? நான் சர்வரின் குறிப்பைத் திறந்து காட்டினேன். நாள், நேரம், அவர் பெயர், ஐந்து தோல்விகள். கணினியின் பெயர் இருந்த இடத்தின்மேல் என் உள்ளங்கை இருந்தது. திரையைச் சுட்டிக்காட்டும்போது கை எங்காவது இருக்கத்தான் வேண்டும்.

“எட்டு அம்பத்தஞ்சா? நான் சீட்டுல உக்கார்றதே ஒம்போதுக்குத்தானுங்களே. எட்டு அம்பத்தஞ்சுக்கு கேட்டு வாசல்கிட்ட வந்துக்கிட்டிருப்பேன்.”

“எந்தக் கடிகாரத்துல ஒம்போது?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். விரல்விட்டுக் கழித்தார். சுவரில் ஒன்பது என்றால் உண்மையில் எட்டு ஐம்பது. எட்டு ஐம்பத்தைந்துக்கு அவர் கணினியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

“உக்காந்து பிரிட்ஜு எத்தன டிகிரின்னு பாத்து எழுதுவேன். அதுக்கப்பறந்தான் கம்ப்யூட்டர் போடுவேன்.”

“அது மட்டுந்தான் செஞ்சோம்னு நல்லா ஞாபகம் இருக்குதுங்களா?”

கேள்வியாகத்தான் கேட்டேன். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தன் தாயைப் பற்றிச் சொன்னார். காரிமங்கலம் சந்தைக்கு மிளகாய் வாங்கப் போன அந்த அம்மாள், திரும்பும் வழியில் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்பது நினைவில்லாமல் இருட்டும்வரை நின்றிருக்கிறார். கடைசி மூன்று ஆண்டுகள் மகளையே யாரென்று கேட்டிருக்கிறார்.

“எங்க ஆத்தாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்குமோ என்னமோ. எனக்கும் அதுதானுங்களா தம்பி?”

“எனக்குத் தெரியாதுங்க. எதுக்கும் டாக்டர ஒருதடவ பாத்துடுங்க” என்றேன். எனக்கு மருத்துவம் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே முறை.

அவர் மருத்துவரைப் பார்த்தார். சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் தாயின் கதையையும் இவருடைய வற்புறுத்தலையும் கேட்டு ஏதோ மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். இதனால் என் நிலை முன்பைவிடச் சிக்கலானது. இப்போது அந்த ஏற்பாட்டை நீக்கினால், மாத்திரையால்தான் குணமானது என்று அவர் நம்பிவிடுவார். இல்லாத நோய்க்கு வாழ்நாள் முழுவதும் விழுங்கிக்கொண்டிருப்பார். ஒருவரை அப்படி ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. அவர் விடுப்பெடுத்த நாட்களிலும் கணக்கு எட்டு ஐம்பத்தைந்துக்குப் பூட்டிக்கொண்டதையும் நான் சொல்லவில்லை. அந்த நாட்களில் ஒன்பது மணிக்கு ஓசையின்றித் திறந்துவைத்துவிடுவேன்.

பிப்ரவரியில் அவர் ஒரு சிறு நோட்டு வாங்கினார். செய்ததையெல்லாம் செய்த உடனே அதில் எழுதிவைத்தார்: ஊசி போட்டாச்சு. கதவு பூட்டியாச்சு. டிக்கெட் வாங்கியாச்சு. ஒரு காலை மூச்சு வாங்க என் அறைக்கு வந்து அதை என் மேசைமேல் விரித்தார். முகத்தில் பல நாட்களாக இல்லாத ஒளி இருந்தது.

“இங்க பாருங்க தம்பி. உக்காந்தது எட்டு அம்பது. பிரிட்ஜு நாலு டிகிரி. எட்டு அம்பத்தஞ்சு, தொடல. எட்டு அம்பத்தாறு, தொடல. எளுதி வச்சிருக்கேன். இப்ப என்னா சொல்றீங்க?”

அது முழுமையான சான்று. என் பதினோரு ஆண்டு அனுபவத்தில் எந்தப் பயனரும் இவ்வளவு சரியாகப் பிழையைக் கண்டறிந்ததில்லை. நான் அதைப் படித்தேன். அவர் காத்திருந்தார். அந்த ஒரு கணம்தான், நிசார் அகமது அவர்களே, நீங்கள் என்னிடம் கேட்கவேண்டிய கணம்; மற்றவையெல்லாம் கணினி செய்தவை.

“இத எப்ப எழுதுனீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?” என்று கேட்டேன். “மொதல்ல கம்ப்யூட்டரத் தொட்டுட்டு, அது மறந்துபோயி, அப்பறமா எழுதியிருக்கலாம் இல்லீங்களா?”

அவர் நோட்டைத் திருப்பித் தன் கையெழுத்தைப் பார்த்தார். வேறு யாரோ எழுதியதைப் பார்ப்பதுபோல் இருந்தது அது. பிறகு மூடிப் பைக்குள் வைத்தார்.

“அதுவும் சரிதானுங்க” என்றார். “தொறந்து வுடுங்க தம்பி.”

நான் திறந்துவிட்டேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

ஏப்ரல் பதினான்காம் தேதிக்குப் பிறகு வந்த புதன்கிழமை ஒன்பது மணிக்கு அவர் வரவில்லை. கணக்கைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒன்பதரை ஆனபோது, மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சற்று எரிச்சல்கூட வந்தது. அவரை மாரண்டஹள்ளிப் பேருந்தின் ஜன்னலோர இருக்கையிலிருந்து தூக்கிவந்தார்கள் என்பதை அனம்தான் ஓடிவந்து சொன்னாள். அவர் தூங்குகிறார் என்று நடத்துநர் நினைத்திருக்கிறார். எல்லோரும் இறங்கிய பிறகும் எழவில்லை. சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது.

எங்கள் மருத்துவமனையிலேயே மூன்று நாள் இருந்தார், நினைவு திரும்பவில்லை. இரண்டாம் நாள் நான் மேலே போனேன். அறைக்கு வெளியே பெஞ்சில் குப்புராஜ் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நீங்கதானுங்களா கம்ப்யூட்டர் தம்பி? வூட்ல எந்நேரமும் உங்க பேச்சுத்தான். அந்தத் தம்பி மட்டும் மொகஞ் சுளிக்காம தொறந்து வுடுதுன்னு சொல்லும்.”

பிறகு நோட்டைப் பிரித்துக் காட்டினார்.

“குப்பையில ரெண்டு ஊசி கெடந்துச்சுங்க. இங்க பாருங்க, ஆறரைக்கு ஊசி போட்டாச்சுன்னு அதும் கையாலயே எளுதியிருக்குது. எளுதுனதுக்கப்பறமும் மறுக்கா ஏன் போட்டுச்சுன்னுதான் வெளங்கல. போட்டமா போடலயான்னு ரோசனை பண்ணிக்கிட்டே நின்னுச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சோறுகூடத் திங்காம ஓடுச்சு. எளுதுனத நம்பியிருந்தா ஆயிருக்காது இல்லீங்களா?”

“ஆயிருக்காதுங்க” என்றேன்.

அன்று காலை அமுதவல்லிக்கு நினைவு இருந்தது. ஊசி போட்ட நினைவும் இருந்தது, எழுதிய எழுத்தும் இருந்தது. இரண்டையும் நம்பக்கூடாது என்று அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பது குப்புராஜுக்குத் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும். அமுதவல்லிக்கு எந்த மறதியும் இருந்ததில்லை. என் அறைக்குத் தினமும் ஒருவர் வரவேண்டும் என்பதற்காக அவருக்கு நான் அதை உண்டாக்கினேன். அதனால் அவர் இறந்தார். நீங்கள் விட்டிருந்த மூன்று வரிகளில் எழுதவேண்டியது இதுதான்.

இறந்தவரின் கணக்கை முடக்கும்படி மே மாதமே எனக்குப் படிவம் வந்தது. அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முடக்கினால் அவரை அந்தப் பதிவேடு இல்லாதவர் என்று கொள்ளும். இருப்பறைக் கணினியின் பெயரையும் அந்த ஏற்பாட்டின் பெயரையும் இத்தாளின் பின்புறம் எழுதியுள்ளேன். கணக்கையா ஏற்பாட்டையா, எதை முதலில் நீக்குவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். எனக்கு அந்தத் துணிவு இல்லை. பலமுறை அந்த அறைவரை போயிருக்கிறேன். கணினி முனகிக்கொண்டிருக்கும், அதன்முன் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

உங்கள் குறிப்பில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். ‘யாரோ திறந்துவிடுகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ அல்ல, மாதப்பன் என்று என் பெயரையே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து திறந்திருக்கிறேன் என்பதைப் பதிவில் பார்த்திருப்பீர்கள். எட்டு ஐம்பத்தைந்துக்கு அது பூட்டிக்கொள்ளும். சரியாக ஒன்பதுக்கு நான் திறந்துவிடுவேன். அமுதவல்லியக்காவை இதுவரை ஒரு நாளும் நான் காக்கவைத்ததில்லை.