போத்தலுக்குள் ஒரு சொறிமுட்டை

நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த லோஞ்சுப் படகில், எனக்கு முன்னால் இரண்டு பல்கலைக்கழக வளாக மாணவிகள் ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார்கள். உள்ளே சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன் ஒன்று, குடை விரித்தது போல, அசையாமல் கிடந்தது.

"செத்துப்போச்சு மெற்றில்டா. நாளைக்கு வகுப்பிலை சேருக்கு எதைக் காட்டுறது?" என்றாள் ஒருத்தி அழாக்குறையாக.

"பொறும் யோகா. இது என்ன தண்ணி?"

"கடல் தண்ணி கலங்கலாக் கிடந்தது. அதுதான் மழைத்தண்ணியிலை கறியுப்புக் கரைச்சு விட்டனான்."

"அட கடவுளே! உப்பு மட்டும் போதுமே? கல்சியம் தசைக்குள்ளை போனால்தான் அது சுருங்கும். கல்சியம் இல்லாட்டி நீந்த ஏலாது. கடல் தண்ணியிலைதான் அது கிடக்கு."

லோஞ்ச்காரர், "பிள்ளையள், விழப்போறியள்!" என்று கத்தக் கத்த, மெற்றில்டா பழைய தண்ணீரைச் சரித்து ஊற்றிவிட்டு, குனிந்து கடலை மொண்டாள். இருவரும் மூச்சுவிடாமல் போத்தலையே பார்த்தார்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு குடை மெல்லச் சுருங்கியது. விரிந்து, மறுபடியும் சுருங்கியது.

"துடிக்குது! ஐயோ, துடிக்குது!" என்று யோகா துள்ளினாள்.

பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் பதறித் திரும்பினார். "ஆருக்கு, பிள்ளை? நெஞ்சோ?"

"சொறிமுட்டைக்கு அம்மா! கல்சியம் கிடைச்சிட்டுது!"

இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். அம்மா போத்தலை உற்றுப் பார்த்தார்.

"டொக்டர் என்ர முழங்காலுக்கும் கல்சியம்தான் எழுதித் தந்தவர். குளிசை போட்டும் ஒரு சுகமுமில்லை. என்னையும் ஒருக்காக் கடலுக்கை இறக்கிவிடுங்கோ, பாப்பம்."