கோவர்த்தன கல்லூரி மைதானத்தில் கழுதை ஏர் ஓட்டியது குறித்து

சித்தூர் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் 1960-ஆம் வருடம் ஜூலை மாதம் 20-ஆம் தேதி எதிரி தமிழில் சொல்ல, சொன்னபடி எழுதப்பட்டது.

என் பெயர் கன்னையா. தகப்பனார் பெயர் அப்பாவு. வயது ஐம்பத்து நான்கு. பயிர்த்தொழில். இருப்பது நகரியை அடுத்த புளியங்கண்டிகை. எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. என் தங்கை செங்கம்மா வாழ்க்கைப்பட்ட பள்ளிப்பட்டு சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டது. விலாசம் கேட்டால் இதையெல்லாம் ஏன் சொல்கிறாய் என்று குமாஸ்தா கேட்டார். பின்னால் வேண்டியிருக்கும், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை சித்தூர் கோவர்த்தன கல்லூரி விளையாட்டு மைதானத்தில் இரண்டு கழுதைகளைப் பூட்டி ஏர் ஓட்டி ஆமணக்கு விதைத்தது நான்தான். அதற்குச் சாட்சி கூப்பிட்டு யாருடைய பொழுதையும் கெடுக்க வேண்டாம். ஆனால் ஏன் ஓட்டினேன் என்பதையும் வரிசையாகச் சொல்வேன், அதையும் எழுத வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் "ஏர் ஓட்டினான்" என்பதோடு பேனாவை மூடிவிட்டார்கள்.

என் மகன் செங்கல்வராயன் மேற்படி கல்லூரியில் பி.ஏ. படித்துவந்தான். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான். ஹாக்கி டீமிலும் இருந்தான். அந்த டீமுக்கு ஆதிநாராயணன் என்பவர் மாஸ்டர். திருப்பதியில் நடக்கும் காலேஜ் பந்தயத்தில் வருஷா வருஷம் ஷீல்டு வாங்கிக் கொடுத்தவர் என்பதால் காலேஜில் அவர் வைத்ததுதான் சட்டம்.

சென்ற வருஷம் பொங்கல் கழித்து டீம் திருப்பதிக்குப் போனது. அதன் பிறகு கடைசிப் பந்தயத்தில் தோற்றது. அதன் பிறகு மூன்றாம் நாள் திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஆள் வந்தது. நானும் என் மனைவி ரத்தினம்மாவும் போய்ப் பார்த்தோம். பையன் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. இடது காதிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. பஸ் மேலே மூட்டை ஏற்றும்போது தவறி விழுந்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். கூட வந்த மாஸ்டர் சொன்னார் என்றார்கள்.

நான் பையனைக் கேட்டேன். "ஏண்டா, பஸ் மேலேர்ந்தா உழுந்தே?" அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆமா நைனா" என்றான்.

அதன் பிறகு நான் சித்தூருக்கு வந்து பிரின்ஸ்பாலைப் பார்த்தேன். என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார். என்னைப் போன்றவனுக்குப் பிரின்ஸ்பால் காப்பி வாங்கிக் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் ஷீல்டுகள் இருந்தன. அவர் தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னது: "சூடு கன்னையா, இதோ பாரு, வயசுப் பையன், பஸ் மேல எகிறினான், உழுந்துட்டான். மனம் ஏம் சேஸ்தாம், நாம இன்னா பண்ண முடியும்? இத்த பெருசு பண்ணிக்கினு இருந்தா அவன் படிப்புதான் கெடும்." நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பையன் வீட்டுக்கு வந்தான். இடது காது அடியோடு போய்விட்டது. அதோடு போயிருந்தால் இன்னொரு காது இருக்கிறது என்று விட்டிருப்போம். நிற்கும்போது ஆடினான். நடந்தால் இடது பக்கம் சாய்ந்தான். உழவன் வீட்டுப் பிள்ளை வரப்பின் மேல் நடக்க முடியாமல் நாற்றுக்குள் இறங்கி நடந்தான். நகரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய மனிதர், காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான் பார் என்று அவன் காது கேட்கச் சொன்னார். எந்தக் காது கேட்கவில்லையோ அந்தப் பக்கம் நின்று சொல்லியிருக்கக் கூடாதா என்று ரத்தினம்மா அழுதாள்.

அதன் பிறகு ஈஸ்டர் லீவில் டீம் காப்டன் சாந்தகுமார் எங்கள் வீட்டுக்கு வந்தான். சித்தூர் மிஷன் காம்பவுண்டுப் பையன். சாப்பிடச் சொன்னோம். இலையில் கை வைக்காமல் அழுதான். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "ஐயா, பஸ்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல. கடைசி கோலு இவன் பக்கம் பூடுச்சின்னு மாஸ்டர் இவன சத்திரத்து கெணத்தாண்ட ஜல்லி மேல முட்டி போட வெச்சாரு. நாங்கல்லாம் உள்ள துன்னுக்கினு இருந்தோம். இவன் வெயில்ல அப்படியே முட்டி போட்டுக்கினு இருந்தான். தண்ணி குடுங்க சார்னான். அதுக்குத்தான் மட்டையால காதோட சேர்த்து அடிச்சாரு. கெணறு பக்கத்துலயே இருந்துச்சி ஐயா."

தண்ணீர் கேட்டதுதான் என் மகன் செய்த குற்றம். இதை அடிக்கோடு போட்டு எழுதச் சொன்னேன். அப்படி எழுதும் வழக்கம் இல்லை என்று குமாஸ்தா சொன்னார்.

இதற்கு முந்தின வருஷமே ஒரு பையனுடைய மணிக்கட்டை மாஸ்டர் உடைத்ததாகவும், அதைப் பிரின்ஸ்பாலிடம் தானே போய்ச் சொன்னதாகவும், "ஷீல்டு வர்ற நேரத்துல இதெல்லாம் எத்துக்கினு வராதே" என்று பிரின்ஸ்பால் தன்னை வெளியே அனுப்பியதாகவும் சாந்தகுமார் சொன்னான். அதன் பிறகு என் மகனும் வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டோம் என்று பிரின்ஸ்பால் ஆஸ்பத்திரிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாராம்.

அதன் பிறகு நான் இரண்டு பையன்களையும் அழைத்துக்கொண்டு திருப்பதிக்குப் போய், பந்தயம் நடத்தும் கமிட்டியிடம் முறையிட்டேன். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். என்னை வெளியே வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். உள்ளே என் மகனை விசாரிக்கும்போது மாஸ்டரையும் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள். அவர் இவனுடைய இடது பக்கம் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இவனுக்குக் கேட்கவில்லை. அவரே கொடுத்த செவிடு அவருடைய மிரட்டலைத் தடுத்துவிட்டது. இவன் நடந்ததைச் சொன்னான். சாந்தகுமாரும் சொன்னான்.

கமிட்டி தீர்ப்புச் சொன்னது. கோவர்த்தன கல்லூரி விபத்தை ஒழுங்காகத் தெரிவிக்கவில்லை, ஆகையால் ஒரு வருஷத்துக்கு எந்தப் பந்தயத்திலும் சேரக் கூடாது. அவ்வளவுதான். அடித்தவர் பெயர் அதில் இல்லை. அடி என்ற வார்த்தையே அதில் இல்லை. நாங்கள் சொன்ன பிறகும் அது விபத்தாகவே இருந்தது.

நானும் முதலில் ஏதோ நியாயம் கிடைத்தது என்றுதான் நினைத்தேன். அதன் பிறகுதான் யாருக்குத் தண்டனை என்று பார்த்தேன். டீமில் இருந்த பையன்களுக்கு அந்த வருஷம் ஆட்டம் போனது. சாந்தகுமாருக்கு அது கடைசி வருஷம், அதோடு அவன் ஆட்டம் முடிந்தது. ஹாஸ்டலில் என் மகனுடைய படுக்கையை எடுத்து வராந்தாவில் போட்டு, "உன்னாலதாண்டா எல்லாம்" என்றார்கள். அவன் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். பிரின்ஸ்பால் அதே நாற்காலியில் இருந்தார். மைதானம் ஒரு வருஷம் சும்மா கிடந்தது. கோர்ட்டார் பயிர் வைத்தவராக இருந்தால் தெரிந்திருக்கும். நிலத்தை ஒரு வருஷம் தரிசு விட்டால் அது தண்டனை இல்லை, ஓய்வு. அடுத்த வருஷம் நன்றாக விளையும் என்றுதான் நாங்களே தரிசு விடுகிறோம். நான் சித்தூருக்கு வரும்போதெல்லாம் அந்த மைதானத்தில் புல் பச்சைப் பசேலென்று வளர்ந்துகொண்டே இருந்தது.

அதன் பிறகு எல்லைப் பிரிவினை வந்தது. அந்தப் பக்கம் போன பள்ளிக்கூடங்களுக்குத் தமிழ் தெரிந்த மாஸ்டர்கள் வேண்டியிருந்தது. ஆதிநாராயணன் மாஸ்டர், பிரின்ஸ்பால் கொடுத்த நன்னடத்தைச் சான்றோடு, பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டராகச் சேர்ந்துகொண்டார். எனக்கு அது தெரியாது. சென்ற மாதம் என் தங்கை செங்கம்மா வந்தபோதுதான் தெரிந்தது. "அண்ணா, புதுசா ஒரு டிரில் வாத்தி வந்துகிறாரு. நம்ம பையன் முட்டி ரெண்டும் தோலுரிஞ்சி வந்து நிக்கறான். கேட்டா உழுந்துட்டேன்னு சொல்றான்" என்றாள். நான் வாத்தியார் பெயரைக் கேட்டேன். அவள் சொன்னதும் என் மகன் எழுந்து வெளியே போனான். வாசற்படியில் சாய்ந்து விழுந்தான்.

என் தங்கை மகனுக்கு வயது பன்னிரண்டு.

அதன் பிறகு நான் சித்தூரில் கல்வி ஆபீசுக்குப் போனேன். "அதி வேற ராஜ்யம்யா, இக்கட ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்கள். அந்தப் பக்கத்து ஆபீசுக்குப் போனேன். "எங்க கைல இருக்கற சர்டிபிகேட்டுல நல்லவருன்னுதான் போட்டுகிது. அவுரு அடிச்சாருன்னு சித்தூர்லேர்ந்து சர்க்கார் காயிதம் ஒண்ணு எத்துக்கினு வா, பாக்கலாம்" என்றார்கள். சித்தூரில் அப்படி ஒரு காகிதம் கிடையாது. போலீசில் எழுதிக்கொள்ள மாட்டோம் என்றார்கள், கமிட்டி விசாரித்து முடித்ததாம். கமிட்டியிலோ அது விபத்து. நல்லவன் போய்ச் சொன்னால் நாளைக்கு வா என்கிறது சர்க்கார். குற்றம் செய்தவன் சொல்வதை மட்டும்தான் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இந்தச் சமயத்தில் கோவர்த்தன கல்லூரியின் தடை முடிந்துவிட்டதாகவும், திங்கட்கிழமை மைதானத்தைத் திறந்து வைக்க முன்னாள் மாஸ்டர் ஆதிநாராயணன் அவர்களே வருவதாகவும் ஊரெல்லாம் நோட்டீசு ஒட்டினார்கள். எங்கள் பக்கம் ஒருவன் குடி நாசமாகப் போக வேண்டும் என்றால், "உன் வூட்டுல கழுதையக் கட்டி ஏரோட்டி ஆமணக்கு வெதைக்கறேன்" என்பார்கள். வாயால் சொல்வார்களே தவிர யாரும் செய்வதில்லை. நான் செய்தேன்.

சனிக்கிழமை நகரியில் பஸ் ஏறினேன். கலப்பையைப் பஸ் மேலே நானே ஏற்றிக் கட்டினேன். இந்த வயதில் ஏறி இறங்கினேன், விழவில்லை. சித்தூரில் துணி வெளுக்கும் கங்கையாவிடம் கழுதைகளை வாடகைக்குக் கேட்டேன். எதற்கென்று அவருக்குச் சொல்லவில்லை. அவரை இந்த வழக்கில் சேர்த்தால் அது பாவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்குப் போனேன். காவற்காரர் ஞானமணி வேதக் கோவிலுக்குப் போயிருந்தார். கழுதைகளுக்கு ஏர் பழக்கம் இல்லை. ஒன்று உட்கார்ந்துகொண்டது, இன்னொன்று கோல் போஸ்டைப் பார்த்துக் கத்தியது. கெஞ்சித்தான் ஓட்டினேன், அடிக்கவில்லை. ஞானமணி பைபிளும் கையுமாகத் திரும்பி வந்தார். "இன்னா பெரியவரே பண்ணிக்கினு கீறீங்க?" என்றார். "பாத்தா தெர்ல? ஏரு ஓட்டிக்கினு இருக்கறேன்" என்றேன். யாருடைய தகப்பன் என்று கேட்டார். சொன்னேன். அதன் பிறகு, "நான் போயி சொல்லித்தான் ஆவணும், மெதுவா நடந்து போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போலீஸ் வருவதற்குள் நடு மைதானம் முழுக்க உழுது விதைத்து முடித்தேன். ஓடவில்லை. கோல் போஸ்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை கோர்ட்டு வாசலில் கல்லூரி வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மன்னிப்பு மட்டும் கேட்டுவிடு, கல்லூரி பெரிய மனசு பண்ணி வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்ளும், அபராதம்கூட வேண்டாம், வாக்குமூலம் எதுவும் கொடுக்காதே என்றார். இந்தக் காப்பியை நான் ஏற்கெனவே ஒருமுறை குடித்திருக்கிறேன் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

விழாவைத் தள்ளி வைத்திருப்பதாகவும், மைதானத்தில் ரோலர் ஓட்டிச் சமன் செய்துவிட்டதாகவும் சொல்கிறார்கள். விதைத்த பிறகு மண்ணை அழுத்திப் பரம்பு அடிப்பது எங்கள் வழக்கம். எனக்கு அதற்கு நேரமில்லாமல் இருந்தது. நேற்று மழையும் பெய்திருக்கிறது.

உழுதது உண்மை. அதைக் குற்றம் என்று எழுதினால், ஆதிநாராயணன் மாஸ்டர் என் மகனை அடித்ததையும், பிரின்ஸ்பால் அதை மறைத்ததையும் அதே காகிதத்தில் எழுத வேண்டும்.

மேலே கண்டது முழுவதும் எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது. மாஸ்டர் பெயர் விட்டுப்போகாமல் வந்திருக்கிறதா என்று என் மகனை வலது காது குமாஸ்தா பக்கம் இருக்கும்படி நிறுத்திக் கேட்கச் செய்தேன், வந்திருக்கிறது என்றான். யாருடைய தூண்டுதலும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன். அபராதம் போட்டால் கட்ட மாட்டேன், ஜெயிலுக்குப் போகிறேன். ஆனால் இந்த வாக்குமூலத்துக்குக் கோர்ட்டு முத்திரை போட்ட நகல் ஒன்று வேண்டும். அதற்கான கட்டணத்தை இப்போதே கட்டுகிறேன். என் மகன் வாங்கிக்கொள்வான். பள்ளிப்பட்டுக்கு மாலை பஸ் இருக்கிறது.

(கையெழுத்து)
அ. கன்னையா