கெஷேயே அழுத்திய பொத்தான்

பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தர நம் சங்கம் காசு வாங்குவதில்லை. வீட்டில் சுட்ட கேக் ஒன்று கொண்டு வந்தால் போதும். கெஷே பிளம் கேக் கொண்டு வந்தாள். நன்றாகவே இருந்தது, இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

நான் விதியை மீறினேனா என்று செயற்குழு கேட்கிறது. மீறவில்லை. உதவி செய்கிறவர் அடுத்தவர் கணினியில் கை வைக்கக் கூடாது, சொந்தக்காரரேதான் பொத்தானை அழுத்த வேண்டும். பிரேமன் நகரக் கிளைக்கு அந்த விதியை எழுதியதே நான்தான்.

கெஷே என் தம்பி ஹெனிங்கின் மனைவி. அவன் மார்ச்சில் செத்துப்போனான். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்திருக்கிறான். எனக்குத் தகவல் வந்தது அடக்கம் முடிந்த மறுநாள். "அவருதான் உன்னைப் பாக்க வேணாம்னு சொல்லிட்டாரு, கெர்ட். நான் என்ன பண்றது?" என்றாள் போனில். அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதை நான் மறைக்கவில்லை.

அவள் கொண்டு வந்தது அவனுடைய மடிக்கணினி. உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்து காட்டச் சொன்னேன். "மெர்லேக்கு ஏழு வயசு", "மெர்லேக்கு எட்டு வயசு" என்று பதினெட்டு வரை ஒலிப்பதிவுகள். மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறான். கெஷேக்கு ஒன்று இருந்தது. மாடிவீட்டுக்காரனுக்குக்கூட ஒன்று இருந்தது. எனக்கு இல்லை.

"இதுலயும் ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கேன். வேற எங்கயும் கெடையாது, பாத்துப் பண்ணு," என்று நீலப் பென்டிரைவ் ஒன்றை நீட்டினாள்.

லினக்ஸை ஏற்ற ஒரு பென்டிரைவ் வேண்டும். முதலில் லினக்ஸை அந்தப் பென்டிரைவில் ஏற்ற வேண்டும், ஏற்றினால் அதில் ஏற்கெனவே இருப்பது அத்தனையும் போய்விடும். என் பையில் காலியாக நான்கு இருந்தன. நான் அவளுடையதை வாங்கி என் கணினியில் செருகினேன், சுத்தமாகத் துடைத்துவிட்டு ஏற்றினேன். என் கணினியில் நான் அழுத்த விதி தடையில்லை.

பிறகு அதை மடிக்கணினியில் செருகச் சொன்னேன்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போடவான்னு கேக்குதே?"

"அதான் பென்டிரைவுல இருக்குல்ல."

"நீ சொன்னா சரி," என்று அழுத்தினாள். பழையதை யாரும் மீட்க முடியாதபடி செய்யும் கட்டத்தையும் அவள் கையாலேயே டிக் செய்ய வைத்தேன். அதன் பிறகுதான் கேக் சாப்பிட்டேன்.

அன்று மாலை போனில் அவள் அழுததைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். அழுகை அவளுடைய பாடு. ஆனால் குழந்தை ஏமாறக் கூடாது, வருகிற வியாழன் அவளுக்கு ஏழு வயது. எனக்கும் ஹெனிங்குக்கும் ஒரே குரல், போனில் பேசினால் எங்கள் அம்மாவே தடுமாறுவாள். பன்னிரண்டு பிறந்தநாளுக்கும் நானே ஹெனிங்காகப் பேசிப் பதிந்து மெர்லேக்கு அனுப்பிவிட்டேன். ஒவ்வொன்றின் கடைசியிலும், "கெர்ட் பெரியப்பா மேல அப்பாவுக்கு உசிரு, அவர விட்டுடாதே," என்று ஹெனிங் சொல்கிறான்.