அது வந்தா இவர் பாப்பார்

குருவி இல்லீங்க டாக்டர், பூச்சி. எல்லாரும் முதல்ல குருவின்னுதான் சொல்லுவாங்க. ராத்திரி விளக்கைச் சுத்துற பூச்சி இல்ல இது, நல்ல வெயில்ல வரும். பூமேல உக்காராது. அந்தரத்துல நின்னுக்கிட்டே நூல் மாதிரி நாக்கை உள்ள விட்டு உறிஞ்சும். றெக்கை அடிக்கிறது கண்ணுக்கே தெரியாது.

உக்காருங்க, அந்த நாற்காலி ஆடாது. இந்த நேரத்துக்குத்தான் வரும். வந்தா, இப்படி அசையாம படுத்திருக்கிற என் வீட்டுக்காரர் கண்ணு அது பின்னாடியே போகும், இந்தத் தொட்டியிலேர்ந்து அந்தத் தொட்டிக்கு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். நீங்க டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, இவருக்கு இனிமே ஒண்ணும் தெரியாதுன்னா எப்படி? லாரி ஓட்டின மனுஷன். எதிர்ல வர்ற வெளிச்சம் எத்தனை பாத்திருப்பார், உங்க டார்ச்சுக்கா அசைவார்?

முதல்ல சர்க்கரைத் தண்ணி வெச்சேன், எறும்புதான் வந்துச்சு. அப்புறம் ஜன்னலோரம் பூரா நித்தியகல்யாணி. குழல் மாதிரி பூவா இருக்கணும் அதுக்கு. மருந்து அடிக்கவே கூடாது. கீழ களைச்செடியில, வால்ல முள்ளு மாதிரி வெச்சுக்கிட்டு ஒரு புழு மேயும். அதுதான் இதுவா ஆகுது, அதையும் விட்டு வெக்கணும். மருமக மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா. பாவம், இவர் துணியெல்லாம் அவதான் அலசுறா, அவளைச் சொல்லிக் குத்தமில்ல.

சிரிக்காதீங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னைக்கூட இவர் அப்படிப் பாத்ததில்ல.

இருங்க, பையைத் தூக்காதீங்க. அதோ! வந்துடுச்சு. கையை ஆட்டாதீங்க. பூவைப் பாக்காதீங்க டாக்டர், இவர் கண்ணைப் பாருங்க. கண்ணை மட்டும் பாருங்க.

ஏங்க. உங்களைத்தான். இங்க, ஜன்னல் பக்கம். வந்திருக்கு பாருங்க. அடுத்த தொட்டிக்குப் போகுது, ஏங்க...

லேசா அசைஞ்ச மாதிரி இல்ல? இல்லையா.

போயிடுச்சு.

வெயில் கண்ணுல அடிச்சிருக்கும். என்ன, எத்தனை தடவை பாத்தேன்னா? ஒரு தடவைதான். நான் மட்டும்தான் இருந்தேன் அப்ப.

சரி, கிளம்புங்க. பையன் கூடத்துல நிக்கிறான், நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு. அவன் ஏற்கெனவே உங்ககிட்ட சரின்னுட்டான்ல? என்கிட்ட சொல்லல, ஆனா காலையிலேர்ந்து என் முகத்தைப் பாக்க மாட்டேங்கிறான். நாளைக்கு மூக்கு வழியா இவருக்குக் கஞ்சி போற குழாயை எடுக்க வர்றவங்களைக் கொஞ்சம் தாமதமா வரச் சொல்லுங்க டாக்டர். நாளைக்கும் இதே நேரத்துக்கு அது வரும். வந்துட்டுப் போயிடட்டும்.