கண்ணாடிக் கூடு

அன்று நம் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம். மின்விசிறிக்கு நேர் கீழே சோபாவில் உன் அண்ணன், பக்கத்தில் உன் அண்ணி. உன் அம்மா வாசல் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில். நீ சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாய். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் டி.வி.க்கு எதிரே. கடிதத்தில் எதையும் வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் விடவில்லை.

என் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது.

"அண்ணே, எப்ப வந்தாலும் கூட்டைத்தான் பார்க்கிறேன், கண்ணாடியைப் பார்த்ததே இல்லையே," என்று உன் அண்ணி சிரித்தாள்.

"வயசைக் காட்டிக்க மாட்டாராம்," என்றார் உன் அண்ணன். நானும் சிரித்தேன்.

அதற்குள் இருப்பது சோப்புக் கட்டி அளவில் ஒரு கருவி. டி.வி. ரிமோட், கதவு திறக்கும் அட்டை, கம்பியில்லாத அழைப்புமணி, எதன் சமிக்ஞையையும் ஒருமுறை வாங்கிக்கொண்டால் அப்படியே திருப்பி அனுப்பும். நல்லதுக்குத்தான் வாங்கினேன். அலுவலகத்தில் ஏ.சி. ரிமோட் தொலைந்தபோது அதுதான் கைகொடுத்தது. வண்டி ஷெட்டின் ரிமோட் உடைந்து மழையில் நின்ற அன்றும் அதுதான். வெளியே எடுத்தால் பார்க்கிறவர்கள் வீணாகச் சந்தேகப்படுவார்கள். அதற்காகத்தான் கூடு.

உனக்கு வெளியூர் மருத்துவமனையில் தலைமை மருந்தாளுநர் வேலை கிடைத்த பிறகுதான் வீட்டிலும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினேன். நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே டி.வி. அணையும். மணி அடிக்கும், போய்ப் பார்த்தால் ஆள் இருக்காது. அட்டை காட்டித் திறக்கும் நம் வாசல்கதவு, நீ பூட்டிவிட்டுக் குளிக்கப் போனால் திறந்து கிடக்கும்.

"பூட்டினேங்க, சத்தியமா பூட்டினேன்," என்பாய்.

"சரிம்மா, பூட்டியிருப்பே," என்பேன். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. இந்த மறதியோடு மருந்து எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டதும் நீதான். நான் கேட்கவில்லை.

அன்று எல்லோர் முன்னாலும் சொன்னாய்: "எனக்கு ஒண்ணுமில்ல. இந்த வீட்டுலதான் என்னமோ இருக்கு. கொஞ்ச நேரம் உட்காருங்க, நீங்களே பார்ப்பீங்க."

உன் அண்ணன் டி.வி.யைப் போட்டார். செய்தி முடிந்து தொடர் வந்தது, தொடரும் முடிந்தது. டி.வி. அணையவில்லை. மணி அடிக்கவில்லை. நீ கிட்டப் போய், "அணையேன், அணைஞ்சு தொலையேன்," என்று அதனிடம் கெஞ்சத் தொடங்கினாய். உன் அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

என் கை சட்டைப் பைக்குப் போகவே இல்லை. நான் செய்ததிலேயே பெரியது, அன்று எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததுதான்.

"மாப்ளே, நீங்கதான் பொறுமையா பார்த்துக்கணும்," என்று உன் அண்ணன் என் தோளில் கை வைத்தார். மறுநாள் உன்னை மனநலக் காப்பகத்தில் சேர்த்தோம். கையெழுத்து நான் போட்டேன். நீ வேலைக்கு வர இயலாது என்று அந்த வெளியூர் மருத்துவமனைக்கு எழுதியதும் நான்தான்.

அந்த வேலைக்குப் போயிருந்தால் நீ திரும்பியிருக்க மாட்டாய். இப்போது வாரம் தவறாமல் உன்னைப் பார்க்கிறேன். போன தடவை நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுப் போனதும், "பூட்டியிருக்கா, பார்த்துச் சொல்லுங்க," என்றாய். எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னிடம் ஒன்று கேட்டாய்.

கணவன் மனைவிக்குள் ஒளிவுமறைவு கூடாது. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். உறையின்மேல் உன் பெயரை எழுதி ஒட்டியாயிற்று. தெருமுனைத் தபால்பெட்டியில் இப்போதே போட்டுவிடுவேன். காப்பகத்தில் இருப்பவர்களுக்கு வரும் கடிதத்தை முதலில் வீட்டாரிடம்தான் கொடுப்பார்கள். சேர்க்கும்போதே அதற்கும் சம்மதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, உனக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு சொல்கிறேன்.