கலெக்டர் வெளியில் இருந்த நான்கு நிமிடம்

கையை நனைக்காமல் மீனைத் தொடக் கூடாது. உலர்ந்த கை பட்டால் அதன் உடம்பின் வழவழப்பு நம் கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் பிறகு பூஞ்சை பிடிக்கும். எங்கள் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

இன்ஸ்பெக்டர் தனபாலன் ஐயா, என் மூன்று டைரி நோட்டுகளையே வாக்குமூலமாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். நீங்கள்தான் தனித் தாளில், என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். சரி. எனக்கு வயது இருபத்தாறு. தி. நகரில் ஒரு கண்ணாடிக் கடையில் வில்லைகளை அளவுக்குத் தேய்த்துப் பிரேமில் பொருத்துகிறேன். கால் மில்லி மீட்டர் தவறினால் ஒருவருக்குத் தலைவலி வரும் வேலை. அதனாலோ என்னவோ, எதையும் இரண்டு முறை பார்க்காமல் எனக்கு நம்பிக்கை வராது. வீட்டைப் பூட்டிவிட்டுக் கச்சேரி ரோடு வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்த நாட்கள் உண்டு.

செவ்வாயும் வெள்ளியும் மாலையில் மயிலாப்பூரில் டைரி எழுதும் வகுப்புக்குப் போகிறேன். நடத்துகிறவர் மெஹக் மேடம். அவர் சொன்ன ஒரு முறையை நான் மீறியதே இல்லை. உறுதியாகத் தெரிந்ததைப் பேனாவில் எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்த வாக்கியத்தின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. பிறகு உண்மை தெரிந்ததும் அழித்துவிடலாம். என் நோட்டுகளில் நிறையக் கேள்விக்குறிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் சங்கத்தின் குளம் கொட்டிவாக்கத்தில், பழைய தென்னந்தோப்பு ஒன்றின் பின்னால் இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பன்னிரண்டு பேர் வந்து தூண்டில் போடுவோம். பிடித்த மீனை ஈரப் பாயில் கிடத்தி, முள்ளை எடுத்து, காயத்தில் மருந்து தொட்டு, எடை பார்த்து, தண்ணீரில் விட்டுவிடுவோம். விடுவது என்றால் எறிவதல்ல. நிமிர்த்திப் பிடித்து, மெல்ல முன்னும் பின்னுமாக அசைக்க வேண்டும். செவுளில் தண்ணீர் ஏறி, அதுவாக வாலை அடித்துப் போகிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது.

இன்னொரு விதியும் உண்டு. தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி ஒரு சின்னப் பல் நீட்டிக்கொண்டிருக்கும். தூண்டிலின் நைலான் நரம்பில் கட்டுவதற்கு முன் அதைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். நசுக்கினால் நரம்பு அறுந்தாலும் மீன் இரண்டு நாளில் முள்ளை உதறிவிடும். நசுக்காவிட்டால் உள்ளேயே தங்கிச் சீழ் பிடிக்கும். நசுக்காமல் போட்டவரைச் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். குளக்கரைப் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே 'இறப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மூன்று வருடங்களில் நான் இருநூற்றுப் பதினொரு மீன் பிடித்திருக்கிறேன். என் கட்டத்தில் சுழியம். சங்கத்தில் வேறு யாருக்கும் சுழியம் கிடையாது.

அந்தச் சுழியம் வீட்டுக்கும் வேண்டியிருந்தது. நான் மீன் பிடிக்கப் போகிறேன் என்று தெரிந்த அன்று அம்மா சாப்பிடவில்லை.

"நம்மாத்துல பொறந்துட்டு என்னடா இது? அதுக்கு வாய் வலிக்காதோ?"

"வலிக்காதும்மா. புடிச்சுட்டு விட்டுடறேன். ஒண்ணைக்கூடக் கொன்னதில்லே."

"என் தலைல கைய வச்சுச் சொல்லு."

வைத்துச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் குளித்துவிட்டு வந்ததும் அம்மா ஒன்றே ஒன்று கேட்பாள். "இன்னிக்கும் இல்லையே?" இல்லை என்பேன். சாதம் போடுவாள்.

பாரத் குளத்தைப் பார்த்துக்கொள்கிறவன். கொட்டிவாக்கம் குப்பத்தில் அவன் அப்பாவுக்குப் படகு இருக்கிறது. என்னைவிட மூன்று வயது மூத்தவன், ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவனுக்கு எங்கள் விதிகள் எல்லாம் வேடிக்கை. "கடல்ல எங்க நைனா நாலு மணிக்கே போயி வலை இழுத்துக்கினு கீறாரு. நீ இன்னாடான்னா மீனுக்கு மருந்து போட்டு டாட்டா காட்டிக்கினு கீற" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். எனக்கு அவன் மேல் எந்த வருத்தமும் இருந்ததில்லை. இதைப் பேனாவில்தான் எழுதுகிறேன்.

குளத்தில் ஒரு பெரிய கட்லா இருந்தது. பதினோரு கிலோ. வால் ஓரத்தில் ஒரு வெட்டு. வருகிற மாதிரி வந்து எல்லோரையும் காக்க வைத்துவிட்டு வராமலே போய்விடும் என்பதால் கலெக்டர் என்று பெயர் வைத்திருந்தோம். நான் மட்டும் அதை ஐந்து முறை பிடித்து விட்டிருக்கிறேன்.

சென்ற ஞாயிறு அது பாரத்திடம் மாட்டியது. அவன் பாயில் கிடத்தவில்லை. இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு தங்கை அனுவுக்கு வீடியோ காட்டினான். "பாரு அனு, கலெக்டரு நம்மாண்ட மனு குடுக்க வந்துகீறாரு." எல்லோரும் சிரித்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கூடாது. தண்ணீரில் விட்டபோது அது சாய்ந்தே போனது. முன்பைவிட இளைத்திருந்தது என்றும் குறித்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பாரத் போன் செய்தான். "மச்சி, கலெக்டரு மெதக்குது." கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். அவன் அதைக் கரையில் ஒரு சாக்கின் மேல் போட்டிருந்தான். வேறு யாரும் இல்லை. நீ தூக்கி வைத்திருந்த நான்கு நிமிடம்தான் இதைக் கொன்றது என்று சொன்னேன். அவன் கோபப்படவில்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். "அப்டி சொல்லாத. ஏன் செத்துச்சுன்னு கிழிச்சுப் பாத்தா தெர்ஞ்சிடப் போவுது" என்று குனிந்து அதன் தொண்டையிலிருந்து வயிறு வரை அறுத்தான். அதில் என்ன இருந்தது என்பதைப் பிறகு எழுதுகிறேன். அது தனி விஷயம்.

தூண்டில் கோலைச் சாய்த்து வைக்கக் கரையில் இரும்புக் கம்பி நட்டிருப்போம். முக்கால் மீட்டர் நீளம், மேல் முனை இரண்டாகப் பிரிந்திருக்கும். அதைப் பிடுங்கி அவன் காதுக்குப் பின்னால் அடித்தேன். ஒரு அடியில் விழுவான் என்று நினைத்தது தவறு. அவன் மண்டியிட்டு, அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்து, "இன்னாடா" என்றான். இரண்டாவது அடியில் எலும்பு உள்வாங்கியது. ஓடு உடைகிற சத்தம் அல்ல, ஈரக் கட்டையில் அடித்தது போல மந்தமாக இருந்தது. மூன்றாவது அடி தேவைப்பட்டிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. கம்பியின் பிரிந்த முனை அவன் கன்னத்தில் மாட்டிக்கொண்டது. அதை இழுக்காமல், போன வழியே பின்னால் தள்ளி எடுத்தேன். இழுத்தால் சதை கிழியும்.

பிறகு குளத்தில் கையை நனைத்துக்கொண்டேன். அவன் கழுத்தில் என் விரல் ரேகை ஏன் தெளிவாக இல்லை என்று நேற்று கேட்டீர்களே, அதனால்தான் இருக்கும். அவன் கழுத்தைப் பிடித்து இடுப்பளவு தண்ணீருக்கு இழுத்துப்போய் முகத்தை உள்ளே அழுத்தினேன். பலசாலி. அவன் குதிகால் என் முழங்காலை மூன்று முறை உதைத்தது. காயத்தை டாக்டர் பார்த்தார். என் கட்டைவிரலைக் கடித்தான். தண்ணீர் சிவந்து, சின்ன ரோகுகள் என்னவென்று பார்க்க வந்தன. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் இரண்டு நிமிடத்துக்கு முன்பே அடங்கிவிட்டான். ஆனாலும் நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடிக்கு ஒரு நொடி குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. மீனைத் தண்ணீருக்கு வெளியே எவ்வளவு நேரம் வைத்திருந்தானோ அவ்வளவு நேரம்தான் அவனை உள்ளே வைத்திருந்தேன். அதில் அநியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நேரம் முடிந்ததும் அவனை நிமிர்த்திப் பிடித்தேன். மெல்ல முன்னும் பின்னுமாக அசைத்தேன். அனு அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள்.

"இன்னாண்ணா, ரெண்டு பேரும் குளிச்சிக்கினு கீறீங்களா?"

"ஒரு நிமிஷம் அனு. இப்ப போயிடுவான்" என்றேன்.

அவள் இன்னும் இரண்டு அடி கிட்டே வந்தாள். அப்புறம் தூக்கைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே குப்பத்துப் பக்கம் ஓடினாள். அவள் ஆட்களைக் கூட்டி வருவதற்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடமும் நான் கரையில் உட்கார்ந்து நோட்டு எழுதினேன்.

இனி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற விஷயம். கலெக்டரின் தொண்டைக்குக் கீழே ஒரு தூண்டில் முள் இருந்தது. சுற்றிலும் சீழ் கட்டி, சதை கறுத்திருந்தது. பல் நசுக்கப்படவில்லை. முள்ளைச் சிவப்பு நூல் சுற்றிக் கட்டுவது சங்கத்தில் நான் ஒருவன்தான்.

பாரத் அதை விரலால் தோண்டி எடுத்து வெயிலில் காட்டினான். "இன்னா மச்சி, இது உன் செவப்பு நூலாச்சே. பல்லு அப்டியே கீது பாரு." பிறகு அடக்க முடியாமல் சிரித்தான். "ஒண்ணையும் கொன்னதில்ல, கொன்னதில்லன்னு சொல்லிக்கினு இருந்தியே. பெரிய தலையையே தூக்கிட்டியே நைனா. இரு, குரூப்ல போடறேன். உங்க அம்மாவாண்டயும் காட்டலாமா?"

விளையாட்டாகத்தான் சொன்னான். என் அம்மாவை அவனுக்குத் தெரியாது. போனை எடுத்து முள்ளைப் படம் பிடித்தான். குளத்திலிருந்து நீங்கள் எடுத்த போனில் அந்தப் படம் இருந்தது என்றும், யாருக்கும் அனுப்பப்படவில்லை என்றும் சொன்னீர்கள். உண்மை. அவன் குரூப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் நான் கம்பியைப் பிடுங்கினேன். அனுப்பி முடித்திருந்தால் அவனை அடிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

மேலே உள்ள வாக்கியத்தைப் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. அதை அடித்துத் திருத்தவும் தோன்றவில்லை. ஆனால் அதற்கும் கலெக்டரின் நான்கு நிமிடத்துக்கும் சம்பந்தமில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நோட்டில், மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைக் காட்டினீர்கள். 'பெரிய மீன். முகம் பார்க்கவில்லை. நரம்பு அறுந்து முள்ளோடு போய்விட்டது. முள்ளின் பல்லை நசுக்கியிருந்தேன்.' அந்தக் கடைசி வாக்கியத்தின் பக்கத்தில் பென்சில் குறி ஒன்று அழிக்கப்பட்டிருக்கிறது, அந்த இடத்தில் மட்டும் தாள் நனைந்து சுருங்கியிருக்கிறது, எப்போது அழித்தாய் என்று கேட்டீர்கள்.

அனு ஓடிய பிறகு, கரையில் உட்கார்ந்திருந்தபோது அழித்தேன். அந்த முள்ளைப் பார்த்தவன் யாரும் அப்போது இல்லை. சந்தேகம் தீர்ந்ததும் அழித்துவிடலாம் என்பதுதானே முறை. இன்று மாலை அம்மா பார்க்க வருவாள் என்றீர்கள். கேட்டால் இல்லை என்றுதான் சொல்லப் போகிறேன், ஐயா. என் கட்டத்தில் இன்னும் சுழியம்தான் இருக்கிறது.